பிள்ளை யாருடைய சொத்து?

தாயும் தகப்பனும் பிரிந்து போய், பிள்ளை ஒருவரிடத்தில் வளர நேர்ந்தால், மற்றவருக்கு அப்பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரிக்கப் பாத்தியதை உண்டா இல்லையா என்பது பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத விரும்புகின்றோம். இது ஏதோ பட்டணத்துப் பணக்காரர் வீட்டு விவகாரம் என்று கிராமத்துத் தோழர்கள் நினைத்துவிடக் கூடாது. கலியாணம் செய்து கொள்ளுகின்றவர்கள் எங்கெங்கே இருக்கின்றார்களோ அங்கெல்லாம் பிரிந்து போகின்றவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். வக்கீல் வைத்துப் பிரிகின்றவர்கள் சிலர். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிப் பிரிகின்றவர்கள் சிலர். ஒன்றும் பேசாமலே மூட்டையைக் கட்டிக் கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுகின்றவர்கள் இன்னும் சிலர். எப்படிப் பிரிந்தாலும் நடுவில் நிற்பது பிள்ளைதான்.

நோணாங்குப்பத்தையே எடுத்துக் கொள்ளுவோம். அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்த இவ்வூர் புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் போகும் சாலையில், சுண்ணாம்பாற்றங்கரையில் இருக்கின்றது. வெளியூரார் படகுத்துறையைப் பார்க்க வந்து போவார்கள். ஊராருக்கோ பெண் கொடுப்பதும் பெண் எடுப்பதும் ஒருபக்கம் புதுச்சேரி, மறுபக்கம் கடலூர் என்று இரண்டு சர்க்கார் எல்லைக்குள்ளும் நடந்து வருவது வழக்கம். கலியாணத்தின்போது அந்த எல்லை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. புருஷன் மனைவி பிரிந்த பிறகுதான் அது தெரிய ஆரம்பிக்கின்றது.

ஓர் உதாரணம் வைத்துக் கொள்ளுவோம். தகப்பன் நோணாங்குப்பத்தில், தாய் பிள்ளையோடு கடலூரில், பிள்ளை ஏழாம் வகுப்புப் படிக்கின்றது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தகப்பன் பிள்ளையைப் பார்க்கலாம் என்பது கோர்ட்டு உத்தரவு. தகப்பன் பள்ளிக்கூடத்துக்குப் போய், "என் மகன் எப்படிப் படிக்கின்றான்? எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை?" என்று கேட்கின்றார். தலைமை உபாத்தியாயர், "பிள்ளையைச் சேர்த்தபோது கையெழுத்துப் போட்டவருக்குத்தான் சொல்லுவோம். உங்களுக்கு வேண்டுமானால் கோர்ட்டு உத்தரவு வாங்கி வாருங்கள்" என்கின்றார். இனி இதையே திருப்பிப் பார்ப்போம். மனைவியைத் துரத்திவிட்டுப் பிள்ளையை மாத்திரம் நிறுத்தி வைத்துக் கொண்ட வீடுகளும் உண்டு. அந்தத் தாய் பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டாலும் இதே பதில்தான் வருகின்றது. வகுப்புக்கென்று கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருப்பார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு ஒரு நம்பர்தான். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட ஒரு கோடுதான். ஆகையால் இது ஆண் கட்சி, பெண் கட்சி என்கின்ற விவகாரமல்ல. பிள்ளை யாரிடத்தில் இல்லையோ அவர்கள் எல்லோருக்கும் வருகின்ற கஷ்டம்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பிள்ளையின் ஜாதகத்துக்கு இரண்டு வீட்டிலும் பிரதி இருக்கின்றது. பிரிந்த பிறகும் இரண்டு பாட்டிமார்களும் இரண்டு ஜோசியனிடம் அதைக் கொண்டு போய், பிள்ளைக்கு எந்தத் திசை நடக்கின்றது என்று கேட்டுக் கொண்டு வருகின்றார்கள். பிள்ளை பிறந்த நாழிகையைத் தெரிந்து கொள்ள எந்த ஜோசியனும் கோர்ட்டு உத்தரவு கேட்பதில்லை. பிள்ளை கணக்கில் எத்தனை மார்க்கு வாங்கியது, ஏன் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வருவதில்லை என்று தெரிந்து கொள்ளத்தான் உத்தரவு வேண்டியிருக்கின்றது. பிரயோஜனமில்லாத காகிதம் இரண்டு வீட்டிலும் கிடக்கின்றது. பிரயோஜனமுள்ள காகிதம் ஒரு வீட்டோடு நின்று விடுகின்றது.

சட்டம் சொல்லுவது என்ன?

முதலாவது ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று கோர்ட்டு தீர்மானிப்பது வேறு. பெற்றோர் யார் என்பது வேறு. பிள்ளை தாயிடம் இருக்கட்டும் என்று உத்தரவு போட்டால், தகப்பன் தகப்பனல்ல என்று உத்தரவு போட்டதாக அர்த்தமாகாது. பிள்ளை தகப்பனிடம் இருக்கட்டும் என்றால் தாய் செத்துப் போனதாக அர்த்தமாகாது. கலியாண பந்தம் புருஷனுக்கும் மனைவிக்கும் ரத்தாகலாம். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உள்ள சம்பந்தம் அந்தக் காகிதத்தினால் ரத்தாவதில்லை.

2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. அதில் "பெற்றோர்" என்றால் யார் என்று 2-வது பிரிவிலேயே எழுதியிருக்கின்றது: பெற்ற தாயோ தகப்பனோ, மாற்றாந் தாயோ தகப்பனோ, தத்தெடுத்த தாயோ தகப்பனோ பெற்றோர் ஆவார்கள். பிள்ளையோடு ஒரே கூரையின் கீழ் இருக்கின்றவர் மாத்திரம் பெற்றோர் என்று அதில் எழுதப்படவில்லை. அதே சட்டத்தின் 24-வது பிரிவு, உபாத்தியாயர்கள் பெற்றோரை அவ்வப்போது கூட்டி, பிள்ளை ஒழுங்காக வருகின்றதா, கற்கும் சக்தி எப்படி, எவ்வளவு முன்னேறியிருக்கின்றது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியது கடமை என்கின்றது. ஆகவே, விவரத்தைச் சொல்லுவது தலைமை உபாத்தியாயர் காட்டும் தயவல்ல. அவருக்குச் சட்டம் போட்டிருக்கும் வேலையாகும்.

1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு, பிள்ளைகளின் வளர்ப்பு, ஜீவனாம்சம், படிப்பு ஆகிய மூன்றையும் பற்றி உத்தரவு போடக் கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுக்கின்றது. கூடுமான வரையில் பிள்ளையின் இஷ்டத்தையும் அனுசரிக்கச் சொல்லுகின்றது. ஐக்கிய நாடுகள் சபை 1989-ல் ஏற்படுத்திய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 9-வது பிரிவு, பெற்றோரில் ஒருவரைப் பிரிந்திருக்கும் பிள்ளைக்கு, கெடுதல் நேராத வரையில், இருவரோடும் தொடர்பு வைத்துக் கொள்ளும் உரிமை உண்டென்று சொல்லுகின்றது. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. 2015-ல் இந்திய சட்டக் கமிஷன் தன்னுடைய 257-வது அறிக்கையில், பிள்ளையின் பதிவேடுகளை இரு பெற்றோரும் பார்ப்பதைப் பற்றியும் ஆலோசனை கூறிற்று. 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, பெற்றோர் பிரிந்தாலும் இருவருடைய அன்பும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டுமென்றும், நேரில் பார்க்க முடியாதவர் கைப்பேசி மூலமாவது பேச வழி செய்ய வேண்டுமென்றும் வற்புறுத்திற்று.

இவ்வளவு இருந்தும் குறை எங்கே இருக்கின்றது என்றால், பள்ளிக்கூட வாசலில் இருக்கின்றது. "பிரிந்த பெற்றோர் இருவருக்கும் பதிவேட்டைக் காட்டு" என்று தலைமை உபாத்தியாயர் கையில் பிடித்துக் கொள்ளும்படியான ஒற்றை வரி விதி இல்லாததால், ஒவ்வொரு பள்ளியும் தனக்குத் தோன்றியபடி நடந்து கொள்ளுகின்றது. கல்வி உரிமைச் சட்டத்தைக் காட்டலாமென்றால், அது 14 வயதோடு நின்று விடுகின்றது. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளுக்கு அச்சட்டம் செல்லாதென்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. பாதிரிமார் பள்ளிகள் நிறைந்த புதுச்சேரிக்கு இது சின்ன விஷயமல்ல. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடு என்று சிலர் புத்தி சொல்லுகின்றார்கள். அச்சட்டம் தன் சொந்தப் பணத்தில் நடக்கும் தனியார் பள்ளியை நேராகக் கட்டுப்படுத்தாது. சர்க்கார் பள்ளியிலும் "இது ஒருவருடைய சொந்த விவரம்" என்று மறுக்க இடமிருக்கின்றது. பெற்ற பிள்ளையின் மார்க்கைக் கேட்க, ஊர் ரோட்டுக் கணக்கைக் கேட்பது போல் ஏன் மனுப் போட வேண்டும்?

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது?

பிள்ளையை ஒரு சொத்தாக நினைப்பதிலிருந்துதான் இவ்வளவும் வருகின்றது. மனுதர்ம சாஸ்திரத்தின் 9-வது அத்தியாயத்தில் பெண்ணை நிலமாகவும் ஆணை விதையாகவும் வைத்து, விளைச்சலாகிய பிள்ளை விதைத்தவனுக்குச் சொந்தமா, நிலத்துக்கு உடையவனுக்குச் சொந்தமா என்று விசாரணை நடக்கின்றது. எந்தக் கட்சி ஜெயித்தாலும் நிலத்துக்கு ஒரு பாத்தியதையும் கிடையாது. விளைச்சலை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கின்ற பேச்சே கிடையாது.

இது நம் தேசத்துச் சாஸ்திரம் மாத்திரம் செய்த அக்கிரமமா என்றால், இல்லை. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுடைய நெப்போலியன் சட்டம், 1804-ல், கலியாணம் நிலைத்திருக்கும் வரையில் பிள்ளைகள் மேல் அதிகாரம் தகப்பன் ஒருவனுக்கே என்று எழுதி வைத்தது. மனுவும் நெப்போலியனும் வேறு எதில் ஒத்துப் போனார்களோ இல்லையோ, தாய்க்கு அதிகாரமில்லை என்பதில் ஒத்துப் போனார்கள். 1881-ம் வருஷத்து உத்தரவின்படி தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்த 'ரெனோன்சான்' குடும்பங்கள் புதுச்சேரியில் இன்றும் இருக்கின்றன. இந்து திருமணச் சட்டமும், 1956-ம் வருஷத்து மைனர் கார்டியன் சட்டமும் இவர்களுக்குச் செல்லாதென்று அந்தச் சட்டங்களிலேயே எழுதியிருக்கின்றது. பிரான்சு தேசமோ 1970-ல் "தகப்பன் அதிகாரம்" என்பதை எடுத்துவிட்டு "பெற்றோர் அதிகாரம்" என்று மாற்றிக் கொண்டது. 2002-ல், பிரிந்து போனாலும் அதிகாரம் இருவருக்கும் பொது என்பதையே பொது விதியாக்கிற்று. ஆனால் 1962-க்குப் பின் அங்கே செய்த திருத்தங்கள் இங்கே தாமாக வந்து சேருவதில்லை. சட்டம் பிறந்த வீட்டில் வளர்ந்து விட்டது. புகுந்த வீட்டில் வளராமல் நிற்கின்றது.

மற்ற இந்துக்களுக்கு ஏற்பட்ட 1956-ம் வருஷத்துச் சட்டம் மாத்திரம் என்ன சொல்லிற்று? கலியாணத்தில் பிறந்த மைனர் பிள்ளைக்கு இயற்கையான கார்டியன் தகப்பன். "அவருக்குப் பிறகு" தாய் என்றது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-ல் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது, தகப்பன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் வழக்காடினார். 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு, "பிறகு" என்றால் தகப்பன் செத்த பிறகு என்று அர்த்தமல்ல; தகப்பன் பொறுப்பெடுத்துக் கொள்ளாத நிலையில் தாயே கார்டியன் என்று விளக்கம் சொல்லிற்று. ஒரு தாயின் கையெழுத்தை ஒப்புக் கொள்ள 1956-லிருந்து 1999 வரை 43 வருஷம் ஆயிற்று.

இப்போது நடப்பது என்ன? தகப்பனே முழு எஜமான் என்று அன்று சொன்ன அதே புத்தி, யார் கையில் பிள்ளை இருக்கின்றதோ அவரே முழு எஜமான் என்று இன்று சொல்லுகின்றது. எஜமான் மாறினாரே ஒழிய, பிள்ளை சொத்தாக இருப்பது மாறவில்லை.

இரண்டு வழக்குகள்

அன்னி பெசன்ட் அம்மையாரின் அரசியலிலும் மதப் பிரசாரத்திலும் நமக்கு ஒப்பில்லை. ஆனாலும் அவர் சம்பந்தப்பட்ட இரண்டு வழக்குகள் இந்த விஷயத்துக்குப் பாடமாக இருப்பதால் இங்கே சொல்லுகின்றோம்.

அவர் இங்கிலாந்தில் ஒரு பாதிரியைக் கலியாணம் செய்து கொண்டு, 1873-ல் பிரிந்தார். ஒப்பந்தப்படி மகன் தகப்பனிடத்திலும், மகள் மேபல் தாயிடத்திலும் வளர்ந்தார்கள். அப்போது அம்மையார் கடவுள் நம்பிக்கையை விட்டவராக இருந்தார். 1877-ல் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து கர்ப்பத்தடையைப் பற்றிய ஒரு புத்தகத்தை வெளியிட்டார். 1878-ல் சர் ஜார்ஜ் ஜெஸ்ஸல் என்னும் ஜட்ஜு, கடவுளை நம்பாதவர், இப்படிப்பட்ட புத்தகம் போட்டவர் என்கின்ற காரணங்களைக் காட்டி, மகளைத் தாயிடமிருந்து எடுத்துத் தகப்பனிடம் ஒப்புவித்தார். அந்தத் தாய் மகளை அடித்தாள் என்றோ, பட்டினி போட்டாள் என்றோ அல்ல. சாமி கும்பிடவில்லை என்பதுதான் குற்றம்! பெரியவர்களானதும் பிள்ளைகள் இருவரும் தாயிடமே வந்து சேர்ந்தார்கள். ஜட்ஜு பிரித்ததைப் பிள்ளைகள் ஒப்புக் கொள்ளவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

இரண்டாவது வழக்கு நம் சென்னையில் நடந்தது. பிற்காலத்தில் அதே அம்மையார் அடையாறு தியாசாபிகல் சங்கத்தின் தலைவியாக இருந்தபோது, அங்கிருந்த நாராயணையா என்பவர் 1910-ல் தம் மக்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரையும் வளர்த்துப் படிக்க வைக்கும் பொறுப்பை அம்மையாருக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு மனம் மாறி, 1912-ல் பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி வழக்குப் போட்டார். 1913-ல் சென்னை ஹைக்கோர்ட்டு தகப்பன் பக்கம் தீர்ப்புச் செய்தது. 1914-ல் லண்டன் பிரிவி கௌன்சில் அதைத் தள்ளிவிட்டது. பிள்ளைகள் மேல் தகப்பனுக்குள்ள பொறுப்பு ஒரு டிரஸ்டு போன்றது, அதை ஒரேயடியாக எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று சொன்ன கௌன்சிலே, இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளை அவர்களுடைய நன்மையையும் இஷ்டத்தையும் விசாரிக்காமல் இழுத்து வரும்படி உத்தரவு போடவும் முடியாது என்றது.

இந்த இரண்டாவது தீர்ப்பில் இருக்கும் நியாயமே நாம் இன்று கேட்பது. பெற்றவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாலும் பெற்றவரல்லாமல் போய்விடுவதில்லை. பெற்றவர் என்பதனாலேயே பிள்ளைக்கு எஜமானாகி விடுவதுமில்லை. இருப்பது பொறுப்பே ஒழிய, சொத்துரிமையல்ல. பொறுப்பைச் செய்ய வேண்டியவருக்கு விவரம் தெரியாவிட்டால் அவர் பொறுப்பை எப்படிச் செய்வார்?

விவரம் மறைப்பதனால் என்ன நேரும் என்பதற்கு இன்னொரு அம்மையாரின் கதை போதும். கரோலின் நார்ட்டன் என்பவருடைய மூன்று பிள்ளைகளையும் 1836-ல் கணவர் பிடித்து வைத்துக் கொண்டார். அன்றைய இங்கிலீஷ் சட்டப்படி தாய்க்கு வாய் திறக்க வழியில்லை. அவர் எழுதியும் வாதாடியும், 1839-ல் தாய்மார்கள் பிள்ளைகளைப் பார்க்கக் கோர்ட்டில் மனுச் செய்யலாம் என்கின்ற சட்டம் வந்தது. ஆனாலும் 1842-ல் அவருடைய கடைசி மகன் குதிரைச் சவாரியில் காயம்பட்டு இறந்தபோது, தாய்க்குச் செய்தி தாமதமாகத்தான் போயிற்று. அவர் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை. மறைத்தவர்களுக்கு அது தங்கள் கட்சியின் வெற்றியாகத் தோன்றியிருக்கலாம்.

மற்ற தேசங்களில்

அமெரிக்காவில் 1974-ல் ஏற்பட்ட சட்டத்தின்படி, பிரிந்த பெற்றோரில் யார் கேட்டாலும் பள்ளிக்கூடம் பதிவேட்டைக் காட்ட வேண்டும். 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இவருக்குக் காட்டக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவோ சட்டமோ திட்டமாகச் சொல்லியிருந்தால்தான் மறுக்கலாம். பிள்ளைக்கு 18 வயதானால் அந்த உரிமை பிள்ளைக்கே போய்விடுகின்றது. இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் பராமரிக்கும் பள்ளிகளுக்கு 2005-ம் வருஷத்து விதி, பெற்றோர் எழுதிக் கேட்டால் 15 பள்ளி நாட்களுக்குள் பதிவேட்டைக் காட்டச் சொல்லுகின்றது. பிரான்சிலோ, பெற்றோர் அதிகாரத்தைச் செலுத்தும் பொறுப்பு இல்லாத பெற்றவருக்குக்கூடப் பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றிய முக்கிய முடிவுகளைத் தெரிவிக்க வேண்டும் என்று சிவில் சட்டத்திலேயே எழுதியிருக்கின்றது.

அமெரிக்கச் சட்டத்திலுள்ள ஒரு நுட்பத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். அங்கே கோர்ட்டு உத்தரவு கொண்டு வர வேண்டியவர் பார்க்க விரும்புகின்றவரல்ல. பார்க்கக் கூடாது என்கின்றவர். நம்மூரில் இது தலைகீழாக இருக்கின்றது. இங்கே கூலி வேலையை விட்டு, வக்கீலுக்குப் பணம் கட்டி, வாய்தாவுக்கு வாய்தா அலைந்து, பிள்ளை ஏழாம் வகுப்பில் வாங்கிய மார்க்கைப் பார்க்க உத்தரவு வாங்கி வருவதற்குள் பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்துவிடும்.

ஆட்சேபணைகள்

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளில் ஒன்று மிகவும் நியாயமானது. அடிக்கும் புருஷனிடமிருந்து தப்பி, பிள்ளையைத் தூக்கிக் கொண்டு வந்த பெண்ணின் கதி என்ன? பதிவேட்டில் விலாசம் இருக்கின்றது. போன் நம்பர் இருக்கின்றது. "படிப்பை விசாரிக்கின்றேன்" என்று வருகின்றவன் வீட்டைக் கண்டுபிடித்துக் கொண்டு போனால் யார் ஜவாப்தாரி? இந்தப் பயம் உண்மையானது. இதை அலட்சியம் செய்கின்றவரோடு நமக்குப் பேச்சில்லை. ஆனால் இதற்குப் பரிகாரம் எல்லாருக்கும் கதவைச் சாத்துவதல்ல. மார்க்கு, வருகை, உபாத்தியாயர் அபிப்பிராயம் இவை ஒரு தாளில். விலாசம், போன் நம்பர், பிள்ளை வந்து போகும் நேரம் இவை வேறு தாளில் என்று வைத்தால், முதல் தாளைக் காட்டலாம், இரண்டாவதை மூடலாம். எந்தப் பள்ளி என்பதே ரகசியமாக இருக்க வேண்டிய நிலைமையில், 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அச்சட்டத்தின் 21-வது பிரிவு, பிள்ளைக்குக் கெடுதல் நேருமானால் பார்க்கவே அனுமதி மறுக்க இடங்கொடுக்கின்றது. பயமுள்ள இடத்தில் பூட்டுப் போடட்டும். அந்தப் பூட்டையே எல்லார் வீட்டுக் கதவிலும் மாட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது ஆட்சேபணை, "ஜீவனாம்சம் கொடுக்காதவனுக்கு மார்க்குச் சீட்டு ஒரு கேடா?" என்பது. கோபம் நியாயமே. ஜீவனாம்சம் கொடுக்காதவனிடம் வசூலிக்கச் சட்டமிருக்கின்றது, தாட்சணியமில்லாமல் வசூலிக்கட்டும். ஆனால் பதிவேடு அவனுக்குக் கொடுக்கும் சம்பளமல்ல, நிறுத்தி வைப்பதற்கு. அதோடு, பணம் கட்டாதவனுக்கு விவரமில்லை என்று ஏற்பட்டால், வருமானமே இல்லாமல் துரத்தப்பட்ட ஏழைத் தாய்க்கும் அதே சட்டம் வந்து சேரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது, உபாத்தியாயர்கள் சொல்லுவது: "இரண்டு பேரும் வந்து பள்ளியில் சண்டை போட்டால் நாங்கள் பாடம் நடத்துவதா, பஞ்சாயத்து நடத்துவதா?" என்கின்றார்கள். இன்று சண்டை வருவதற்குக் காரணமே விதியில்லாமல் இருப்பதுதான். காட்டினால் ஒருவர் சண்டைக்கு வருகின்றார். மறுத்தால் மற்றவர் வருகின்றார். விதி இருந்தால் உபாத்தியாயர் அதைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பாடம் நடத்தப் போகலாம்.

செய்ய வேண்டியது

புதுச்சேரி சர்க்காரின் கல்வி இலாகாவுக்கு நாம் சொல்லுவது பெரிய விஷயமல்ல. புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போதும். அதில் இருக்க வேண்டியவை இவை:

1. பள்ளியில் சேர்க்கும்போதே தாய், தகப்பன் இருவர் பெயரும், பிரிந்திருந்தால் இரண்டு விலாசமும் தனித்தனியே எழுதிக் கொள்ள வேண்டும். ஒருவர் பெயரை எழுத மற்றவருடைய தயவு தேவையில்லை.

2. பிரிந்திருக்கின்றார்கள் என்கின்ற ஒரே காரணத்துக்காக, ரேங்க் கார்டு, வருகைக் கணக்கு, உபாத்தியாயர் குறிப்பு இவற்றை ஒருவருக்கு மறுக்கக் கூடாது. பெற்றோர் கூட்டத்துக்கு இருவரையும் அழைக்க வேண்டும். ஒன்றாக வர இஷ்டமில்லாவிட்டால் வெவ்வேறு நாள் கொடுக்கலாம்.

3. மறுக்க வேண்டுமென்கின்றவரே கோர்ட்டு உத்தரவைக் கொண்டு வர வேண்டும்.

4. விலாசமும் போன் நம்பரும் மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது.

5. எழுதிக் கேட்டால் 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

6. பதிவேட்டைப் பார்ப்பது வேறு. பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துப் போவதும் டி.சி. வாங்குவதும் வேறு. பின்னதற்கு, வளர்க்கும் பொறுப்புள்ளவருடைய சம்மதம் வேண்டும்.

சுற்றறிக்கை வரும் வரையில் பெற்றோர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கோர்ட்டில் பிள்ளையைப் பற்றிய உத்தரவு கேட்கும்போதே, "பள்ளிப் பதிவேடுகளை இருவரும் பார்க்கலாம்" என்கின்ற ஒரு வரியையும் சேர்த்துக் கேளுங்கள். 26-வது பிரிவில் படிப்பு என்கின்ற வார்த்தை அதற்காகத்தான் இருக்கின்றது. ஊர்ப் பெரியவர்களை வைத்து எழுதிக் கொள்ளுகின்றவர்கள், நகையையும் பாத்திரத்தையும் கணக்கெழுதும் தாளில், பிள்ளையின் படிப்பு விவரத்தை யார் யாருக்குத் தெரிவிப்பது என்பதையும் எழுதிக் கொள்ளட்டும். பள்ளிக்குப் போகின்றவர் வாய்ச் சண்டைக்குப் போகாமல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தம் அடையாளச் சீட்டு, கோர்ட்டு உத்தரவு இருந்தால் அது ஆகியவற்றின் பிரதிகளோடு எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக் கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் கல்வி அதிகாரிக்கு அதன் பிரதியை அனுப்புங்கள்.

பிள்ளையை வைத்திருக்கின்ற தோழர்களுக்கும் தோழியர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு வேண்டாமற்போன புருஷனோ மனைவியோ பிள்ளைக்கும் வேண்டாமற்போக வேண்டும் என்று ஒரு நியாயமும் கிடையாது. மார்க்கு குறைந்த பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க இன்னொருவர் வருகின்றாரென்றால் பிள்ளைக்கு லாபமே ஒழிய உங்களுக்கு நஷ்டமில்லை. பெரிய வகுப்பில் இருக்கும் பிள்ளையானால், அதனிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். நிலமும் விதையும் விளைச்சலும் என்று பேசிய காலத்தில்தான் பிள்ளைக்கு வாயில்லை என்று வைத்தார்கள். இப்போது பிள்ளைக்கு வாயும் உண்டு, பள்ளிக்கூடத்தில் தனக்கென்று ஒரு பெயரும் உண்டு. அந்தப் பெயருக்கு நேராக எழுதியிருப்பது அந்தப் பிள்ளையின் கணக்கே ஒழிய, தாய் தகப்பனின் வழக்குக் கணக்கல்ல.